எதிரே நிற்பவர் என்ன செய்கிறார்?

கொரிய உதைக் கலையான டேக்வாண்டோ பயிற்சி செய்கிறேன் என்று சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "நாலு பேர் சுத்தி நின்னா சமாளிச்சிடுவீங்களா?" இன்னொரு பக்கம், சண்டைக் கலைகளைப் பற்றி நிறையப் பேசுகிறவர்கள், "அதெல்லாம் காலைத் தூக்கி ஆடுற விளையாட்டு, தெருவுக்கு உதவாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் டேக்வாண்டோவை ஒரே பொருளாக நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை. அதே வெள்ளைத் தோபோக் சீருடை, அதே தோஜாங் எனும் பயிற்சிக்கூடம், அதே மாஸ்டர் என்றாலும் போட்டிக்கான பயிற்சி வேறு, மேடையில் செய்து காட்டும் டெமோவுக்கான பயிற்சி வேறு, தற்காப்புக்கான பயிற்சி வேறு. ஒரு வகுப்பில் நடப்பது இதில் எது என்று தெரிந்துகொள்ள நான் உதைப்பவரைப் பார்ப்பதில்லை, எதிரே நிற்பவரைப் பார்ப்பேன். போட்டியில் அவர் விதிகளுக்குள் நின்று உங்களைத் தோற்கடிக்கப் பார்ப்பார். டெமோவில் உங்கள் உதை அழகாக முடிய வேண்டும் என்பதற்காகவே நிற்பார். தற்காப்பில் அவர் உங்களுக்கு எந்தச் சலுகையும் தரக் கூடாது, ஆனால் நிறைய இடங்களில் தருகிறார், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் போட்டி. 1973 மே மாதம் சியோலில், டேக்வாண்டோவின் தலைமையிடமான குக்கிவோனில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது, உலக டேக்வாண்டோ கூட்டமைப்பும் அதே மாதம்தான் தொடங்கியது. 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டு ஒலிம்பிக்கிலும் காட்சிப் போட்டியாக வைத்துப் பார்த்தார்கள், 1994இல் பாரிசில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி சரி என்றது, 2000 சிட்னியில் முழுப் பதக்க விளையாட்டானது. ஆண்களுக்கு 4 எடைப் பிரிவு, பெண்களுக்கு 4. எண்கோண மேட், 2 நிமிடச் சுற்றுகள் 3, நடுவில் 1 நிமிட ஓய்வு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த விதிப்படி உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உடம்புக்கு உதை 2, தலைக்கு உதை 3, சுழன்று உடம்புக்கு உதைத்தால் 4, சுழன்று தலைக்கு உதைத்தால் 5. கீழே விழுந்தாலும், பிடித்தாலும், மேட்டை விட்டு வெளியே போனாலும் காம்ஜோம், அதாவது தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி.

இந்த எண்களை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், புள்ளிக் கணக்குதான் உடம்பை வடிவமைக்கிறது. சுழல் உதைக்கு அதிகப் புள்ளி இருப்பதால்தான் தோற்றுக்கொண்டிருப்பவருக்குக் கடைசி நொடி வரை நம்பிக்கை இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 80 கிலோ இறுதிப் போட்டியைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். பிரிட்டனின் லுடாலோ முகமது 6-4 என்று முன்னால் இருக்கிறார், மீதம் இருப்பது ஒரு நொடி. ஐவரி கோஸ்ட்டின் செய்க் சிஸ்ஸே சுழன்று தலைக்கு ஒரு உதை விட்டார். அப்போதைய விதியில் அதற்கு 4 புள்ளி. 8-6. அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தங்கம் அது. ஒரு நொடி இருக்கும்போது தலைக்குச் சுழல் உதை விட வேண்டும் என்றால், அந்த உதை யோசித்து வரக் கூடாது, தானாக வர வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை பேடில் உதைத்த கால்தான் அப்படிப் போகும்.

இந்தக் கலையில் எனக்குப் பெருமையாகத் தோன்றுவது இன்னொன்று. ஈரானில் அகதியாக இருந்தபோது பயிற்சி எடுத்த ரோஹுல்லா நிக்பாய் 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கினார், ஆப்கானிஸ்தானின் முதல் ஒலிம்பிக் பதக்கம். ஜோர்டானின் முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம், 2016இல் அகமது அபுகௌஷ் வென்றது, அதுவும் டேக்வாண்டோவில்தான். டோக்கியோவில் கொரியாவுக்கு இந்த விளையாட்டில் ஒரு தங்கம்கூட இல்லை, தாய்லாந்தின் பனிபக் வோங்பத்தனகித் அங்கேயும் வென்று பாரிசிலும் வென்றார். பெரிய மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த கருவி இல்லாமலே தொடங்கலாம், வெறும் காலும் ஒரு பேடும் அதைப் பிடிக்க ஓர் ஆளும் இருந்தால் பயிற்சி நடக்கும். பிறந்த நாட்டை விட்டு இவ்வளவு தூரம் பரவி, பிறந்த நாட்டையே தோற்கடிக்கும் அளவுக்கு வளர்ந்தது எனக்குக் கொண்டாட வேண்டிய விஷயமாகத்தான் படுகிறது.

குறை இல்லாமல் இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து செஸ்ட் கார்டில் சென்சார் வந்துவிட்டது. கால் உறை வந்து படுவதை ஹோகு, அதாவது அந்தச் செஸ்ட் கார்டு, உணர்ந்து, எடைப் பிரிவுக்கு ஏற்ற அளவு அழுத்தம் இருந்தால் புள்ளி போடுகிறது. நடுவர் கண்ணை மட்டும் நம்பியிருந்த காலத்துச் சண்டைகள் குறைந்தன, அது நல்லது. ஆனால் வீரர்கள் என்ன செய்தார்கள்? முன்காலைத் தரையில் வைக்காமல் தூக்கியபடியே நின்று, வாள்வீச்சு மாதிரி அதை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கத் தொடங்கினார்கள். முழு இடுப்பும் திரும்பி விழும் பழைய தோல்லியோ சாகியை, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் உதையை, பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வலிக்கத்தான் செய்யும். அதன் பிறகு விதிகளைப் பலமுறை மாற்றினார்கள், சுழல் உதைக்குப் புள்ளியைக் கூட்டினார்கள், மூன்றில் இரண்டு சுற்று வென்றால் போதும் என்ற முறையையும் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது, முதல் சுற்றில் பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியவரும் அடுத்த சுற்றைச் சமமாகத் தொடங்கலாம்.

ஆனால் தெரு என்று வரும்போது போட்டி வீரர்கள் கவனிக்க வேண்டியது சென்சாரை அல்ல, கைகளை. உலக டேக்வாண்டோ விதியில் முகத்தில் குத்தக் கூடாது. அதனால் நல்ல வீரர்கள்கூடக் கைகளைத் தொங்கவிட்டு நிற்பார்கள், போட்டியில் அது புத்திசாலித்தனம், சமநிலைக்கும் வேகத்துக்கும் உதவும். வெளியே ஒருவன் கோபத்தில் அடிக்க வந்தால் முதலில் வருவது முகத்துக்கு ஒரு குத்து. பழக்கமே இல்லாத அடி அது. சோய் ஹோங் ஹி 1966இல் தனி அமைப்பாகத் தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) பிரிவில் ஸ்பாரிங்கின்போது முகத்துக்குக் கை போகலாம், அதனால் அவர்கள் கைகளை உயர்த்தி வைத்துப் பழகியிருப்பார்கள். எந்தப் பிரிவு பெரியது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, விதி எப்படியோ உடம்பு அப்படி என்று மட்டும் சொல்கிறேன். அதே சமயம் போட்டி ஸ்பாரிங்கை முழுதாக ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களை அடிக்க விரும்புகிற, அடுத்து என்ன செய்வார் என்று தெரியாத ஒருவருக்கு முன்னால் நின்று, அடி வாங்கி, மூச்சு வாங்கி, மறுபடியும் தூரத்தைக் கணக்குப் போடுவது என்பது தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளான கராத்தே கட்டாவிலோ டேக்வாண்டோ பூம்சேயிலோ கிடைக்காது. பூம்சேயில் எதிரே ஆளே கிடையாது. தேகுக் எனும் 8 பூம்சே வடிவங்களையும் அழகாகச் செய்கிற ஒருவர் முதல் தடவை ஹோகு கட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் கண்களைப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் டெமோ. இதை "ஷோ" என்று சொல்லிச் சிரிப்பவர்கள் நிறைய. டேக்வாண்டோவின் வரலாற்றைப் பார்த்தால் டெமோ இல்லாமல் இந்தக் கலை இந்தப் பெயரோடு நின்றிருக்குமா என்பதே சந்தேகம். ஜப்பானிய ஆட்சி 1945இல் முடிந்த பிறகு, ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்களும் உள்ளூர் உதை முறைகளை அறிந்தவர்களுமாகத் தனித்தனி குவான்களை, அதாவது பயிற்சிப் பள்ளிகளை, நடத்திக்கொண்டிருந்தார்கள். 1950களின் முதல் பாதியில் அதிபர் சிங்மன் ரீ முன்னால் ராணுவத்தினர் செய்து காட்டிய நிகழ்ச்சியில் நாம் டே ஹி ஓடுகளை உடைத்தது அவரை மிகவும் கவர்ந்தது, அதன் பிறகுதான் ராணுவத்தில் இதற்கு நல்ல ஆதரவு கிடைத்தது. 1955 ஏப்ரல் 11 அன்று டேக்வாண்டோ என்ற பெயரை ஏற்றார்கள். உலகம் முழுக்க இது பரவியதும் பெரும்பாலும் டெமோ குழுக்கள் வழியாகத்தான். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவின்போது தென் கொரியக் குழுவும் வட கொரியக் குழுவும் ஒன்றாகச் செய்து காட்டியது நினைவிருக்கலாம். ஒரே கலை இரண்டு அமைப்பாகப் பிரிந்து, இரண்டும் ஒரே மேடையில் நின்றபோது இரண்டின் பாணியும் எவ்வளவு மாறிவிட்டது என்று நன்றாகத் தெரிந்தது. தெற்கே காற்றில் பறக்கும் சுழல்கள், வடக்கே கனமான, தடித்த பொருள்களை உடைக்கும் நேரடி பலம்.

டெமோவில் கைதட்டல் வாங்குவது உதைப்பவர். வேலையில் பாதி பலகை பிடிப்பவருடையது. இதை வெளியே யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கியோக்பாவுக்கு, அதாவது உடைத்துக் காட்டுவதற்கு, பயன்படுத்துவது பெரும்பாலும் பைன் பலகை. மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் அது பிளக்கும். ஆகவே ரேகைக்கு இணையாக இருக்கும் இரண்டு ஓரங்களையும் தாங்கிப் பிடிக்க வேண்டும், நடுவில் அடி விழ வேண்டும். ரேகையைக் கவனிக்காமல் திருப்பிப் பிடித்தால் அதே பலகை, அதே உதை, உடையாது, உதைத்தவர் கால்தான் வீங்கும். பிடிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, விரல்களைப் பலகையின் முன்பக்கத்துக்கு வராமல் வைத்து, முழங்கையை நேராகப் பூட்டி, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் பின்வாங்கினால் போதும், அடியின் சக்தி பலகையை வளைப்பதற்குப் பதில் தள்ளுவதில் போய்விடும். பயப்படுகிற ஆள் பலகை பிடித்தால் நல்ல வீரரும் தோற்றுப்போவார். உயரத்தில், ஒருவர் தோளில் ஏறி நின்று பிடிக்கும்போது பலகை மெல்லியதாக இருக்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்தரத்தில் இருப்பவருக்கு ஊன்றிக்கொள்ள தரை கிடையாது, அங்கே சோதிக்கப்படுவது துல்லியம், பலம் இல்லை. தரையில் நின்று அடுக்கி உடைக்கும்போது பலம். பார்வையாளருக்கு இந்த வித்தியாசத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டால் டெமோ குறைந்துபோகாது, இன்னும் ரசிப்பார்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு, கத்தி முனையில் செருகிய ஆப்பிளை உதைக்கும் காட்சியிலும் அப்படித்தான். கத்தி பிடித்திருப்பவர் ஒலியெழுப்பித் தன் இடத்தைக் காட்டுவார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதுதான் அங்கே நடப்பது. விளக்கு, இசை, கைதட்டல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் அந்த நம்பிக்கை மிச்சம் இருக்கும்.

ஆனால் டெமோவில் இருக்கும் இந்த ஒத்துழைப்பு தற்காப்பு வகுப்புக்குள் சத்தமில்லாமல் நுழையும்போதுதான் ஆபத்து. ஹோசின்சுல் (தற்காப்பு) என்ற பெயரில் பல தோஜாங்குகளில் நடப்பது இது: ஒருவர் மணிக்கட்டைப் பிடிப்பார், பிடித்துவிட்டு அசையாமல் நிற்பார், இவர் திருப்புவார், அவர் அழகாகச் சுழன்று விழுவார், எல்லோரும் கைதட்டுவார்கள். நிஜத்தில் பிடிப்பவன் பிடித்துவிட்டு நிற்க மாட்டான். இழுப்பான், இன்னொரு கையால் அடிப்பான், சுவரில் தள்ளுவான். விழுகிறவர் உண்மையிலேயே விழ வைக்கப்பட்டு விழுந்தாரா, உதவி செய்ய விழுந்தாரா என்று கேட்கவே யாரும் துணிவதில்லை.

இந்தப் பிடி, திருகல் நுட்பங்கள் பெரும்பாலும் ஹாப்கிடோ என்ற இன்னொரு கொரியக் கலையின் பாணி, அதனால் இது ஹாப்கிடோவின் குறை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானிலிருந்து டேகு நகருக்குத் திரும்பிய சோய் யோங் சுல், ஒரு மது ஆலையில் வரிசையில் நின்றபோது தன்னிடம் சண்டைக்கு வந்தவர்களைச் சமாளித்தார், அதைப் பார்த்த ஆலைக்காரரான சோ போக் சோப் அவருக்கு முதல் மாணவர் ஆனார் என்று ஹாப்கிடோ வட்டாரத்தில் சொல்வார்கள். அதாவது இந்த முறை பிறந்ததே ஒத்துழைக்காதவர்களிடம். பிறகு ஜி ஹான் ஜே போன்றவர்கள் உதைகளைச் சேர்த்தார்கள், அவர் அதிபரின் பாதுகாவலர்களுக்கே பயிற்சி கொடுத்தவர். முறையில் ஓட்டை இல்லை, பயிற்சி செய்யும் விதத்தில்தான்.

மணிக்கட்டுப் பிடியையே எடுத்துக்கொள்வோம். பிடியின் பலவீனமான இடம் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. உங்கள் மணிக்கட்டின் மெல்லிய ஓரத்தை அந்த இடைவெளிப் பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி அவர் முழங்கையை நோக்கி உள்ளே போனால், பலமானவரின் பிடியும் விடும். கையை மட்டும் இழுத்தால் விடாது. இது உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் பிடித்த உடனே செய்ய வேண்டும், செய்துவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. விடுபட்ட அடுத்த அடி ஓட்டமாக இருக்க வேண்டும். வகுப்பில் விடுபட்டதும் வணக்கம் வைத்துத் திரும்ப வந்து நிற்கிறோம். ஓடிப் பழக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன், அறையின் மறுமூலை வரை நிஜமாகவே ஓட வேண்டும், கத்திக்கொண்டே.

கத்துவது என்றதும் கிஹாப், அதாவது அடிக்கும்போது எழுப்பும் குரல், பற்றி. வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து வாய்க்குள் முணுமுணுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மூச்சை வேகமாக வெளியே விடும்போது வயிற்றுத் தசை இறுகுகிறது, அந்த நேரத்தில் அடி விழுந்தாலும் தாங்கும். அதைவிட முக்கியமாக, பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிற நேரத்தில் குரல் வர வேண்டுமென்றால் அது பழகியிருக்க வேண்டும். குறிப்பாக, சத்தம் போடாதே என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்கள் முதல் மாதத்தில் கிஹாப்புக்குக் கூச்சப்படுவதும், பிறகு அந்தக் குரல் கூரையை எட்டுவதும் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

தெருவுக்கு எது உதவும் என்று கேட்டால் என் பட்டியல் சிறியது, பளபளப்பும் இருக்காது. தாழ்வான அப் சாகி (நேராக முன்னால் விடும் உதை), முழங்காலுக்கோ அதற்குக் கீழேயோ, ஷூ போட்ட காலால். மூடிய முஷ்டிக்குப் பதில் உள்ளங்கையின் அடிப்பகுதி, ஏனென்றால் உறை இல்லாத முஷ்டி மண்டையில் பட்டால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு எளிதாக உடையும். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால், விரித்து, "வேண்டாம், விலகு" என்று சொல்கிற தோரணையில் உயர்த்தி வைப்பது. தலைக்கு உதை வேண்டாம். ஈரத் தரையில், இறுக்கமான பேன்ட்டில், ஒற்றைக் காலில் நிற்கிற ஒருவரின் காலை எதிராளி பிடித்துவிட்டால் அதோடு முடிந்தது. கத்தி வைத்திருப்பவனிடம் கத்தியைப் பிடுங்கும் டெக்னிக்கைச் சில மணி நேரத்தில் சொல்லித்தருகிறேன் என்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். பணத்தையோ போனையோ கொடுத்துவிட்டு விலகிப் போவதே அங்கே நல்ல தற்காப்பு.

இன்னொன்று நாக்போப், விழும் பயிற்சி. ஹாப்கிடோவில் இதற்குக் கொடுக்கும் இடத்தை டேக்வாண்டோ வகுப்புகளும் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வாழ்நாளில் ஒரு தடவைகூட யாரும் நம்மைத் தாக்காமல் போகலாம், வழுக்கி விழாமல் இருக்கப் போவதில்லை. விழும்போது கையை நீட்டித் தரையைத் தாங்கப் பார்ப்பது இயல்பு, மணிக்கட்டு எலும்பு முறிவதும் அதனால்தான். முகவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்து, முன்கை முழுவதையும் உடம்பிலிருந்து கொஞ்சம் சாய்வாகத் தரையில் அறைந்து, பாரத்தைப் பரவலாக இறக்கப் பழகினால் அந்த இயல்பு மாறும். வயது ஆக ஆக இதன் மதிப்பு கூடும், சுழல் உதையின் மதிப்பு குறையும்.

தெக்யோனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த இந்தப் பழைய கொரிய ஆட்டத்தில் கால்கள் ஆடிக்கொண்டே முன்னும் பின்னும் போகும், பார்த்தால் நடனம் போல இருக்கும், சட்டென்று எதிராளியின் கால் தட்டப்பட்டு அவர் தரையில் இருப்பார். விழவைத்தால் வெற்றி, முகத்தை உதை எட்டினாலும் வெற்றி. ஆனால் உடம்பில் படும் உதை காயப்படுத்தக் கூடாது, தள்ளுவதாக இருக்க வேண்டும். எதிரே நிற்பவர் முழுமனதாக எதிர்க்கிறார், ஆனாலும் அவரை உடைக்காமல் வெல்ல வேண்டும். ஜப்பானிய ஆட்சியில் கிட்டத்தட்ட மறைந்துபோனதை சோங் டோக் கி என்ற முதியவர் உடம்பில் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்ப்பையும் அக்கறையையும் ஒரே விதிக்குள் வைத்த இந்த ஏற்பாடு தற்காப்பு வகுப்புகளுக்கு நல்ல முன்மாதிரி.

சரி, நான் விரும்பும் வகுப்பு எப்படி இருக்கும்? ஒரு டெக்னிக்கை முதலில் மெதுவாக, ஒத்துழைக்கும் ஆளோடு செய்யலாம், அது தப்பே இல்லை, வழி தெரிய வேண்டுமே. பிறகு பிடிப்பவர் பாதி பலத்தோடு எதிர்க்க வேண்டும், இழுக்க வேண்டும். அதற்கப்புறம் எந்தக் கையால், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும், ஹெல்மெட்டும் மவுத் கார்டும் போட்டுக்கொண்டு. செய்பவர் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், பிடித்தவர் இரக்கப்பட்டு விட்டுவிட்டால் அந்தத் தடவை கணக்கில் வராது, மறுபடியும் செய்ய வேண்டும். மாட்டிக்கொண்டவர் போதும் என்று கையால் தட்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்ற விதி மட்டும் எல்லோருக்கும், பெல்ட் நிறம் எதுவாக இருந்தாலும். உயரமானவர் குள்ளமானவரோடும், மாஸ்டர் புதிதாக வந்தவரோடும் மாறி மாறி நிற்க வேண்டும். பிளாக் பெல்ட் கட்டியவர் வெள்ளை பெல்ட்டின் பிடியிலிருந்து விடுபட முடியாமல் திணறினால், அதை அந்த வகுப்பிலேயே எல்லோரும் பார்த்து, ஏன் விடவில்லை என்று அங்கேயே சரிபார்க்க வேண்டும்.